மண்ணை அளந்து காட்டு! கணக்கைத் தமிழில் சொல்லு!

(பழவேற்காடு ஏரிக்கரைக் கிராமங்களில் நடந்த விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் பிரசுரமாக வெளியிடப்படுகிறது. படித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுக்கவும்.)

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே, மீனவச் சொந்தங்களே, சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிழைக்கும் தாய்மார்களே, இளைஞர்களே!

நம்மில் பலரிடம் மண்வள அட்டை இருக்கும். 2015ல் இருந்து கொடுக்கிறார்கள். அதில் 12 விஷயம் எழுதியிருக்கும். தழை, மணி, சாம்பல் சத்து எவ்வளவு, உப்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். நம்ம பக்கம் கடல்தண்ணி நிலத்தடியில் ஏறிவிட்டதால் உப்பு வரியை முதலில் பார்ப்போம். அந்த அட்டையில் 13வது வரி ஒன்று வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கூட்டம். அது கதிரியக்கம். ஊர் ஊராக அட்டையில் ஏற்றச் சொல்லவில்லை. சாம்பல் குளத்துக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் பக்கத்தில் உள்ள நம்ம மண்ணுக்கு மட்டும் கேட்கிறோம்.

"கதிரியக்கமா! அது கல்பாக்கம் சமாச்சாரமாச்சே, நமக்கு என்னங்க?" என்று கேட்பீர்கள். அதைச் சொல்வதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மேலே பேசினால் எனக்கே மனசு ஒப்பாது.

என் தப்பு

சில வருஷம் முன்பு தெரிந்த பையன் ஒருவன் கையடக்கக் கதிர்வீச்சு மீட்டர் ஒன்று வைத்திருந்தான். இரவல் வாங்கி வந்தேன். சாம்பல் படிந்த வரப்பில் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் பெரிதாகக் காட்டவில்லை. மோட்டார் கொட்டகைக்குள் கொண்டுபோனேன். அங்கே டிக் டிக் என்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. கூட வந்த பிள்ளைகள் பயந்து கத்திவிட்டார்கள். நானும் விவரம் தெரியாமல் டீக்கடையில் நாலு பேரிடம் சொன்னேன். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. அந்த வாரம் தர்பூசணி எடுக்க வந்த வியாபாரி, "உங்க ஊர்ல ஏதோ கதிர்வீச்சாமே" என்று சொல்லியே டன்னுக்கு விலையை இறக்கினான். என் பழம் மட்டும் இல்லை, பக்கத்து வயல்காரர் பழமும் சேர்ந்து அடிபட்டது.

பிறகு ஒரு கல்லூரி ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "கொட்டகையில என்ன வச்சிருந்தீங்க?" பொட்டாஷ் மூட்டை அடுக்கியிருந்தேன். அவர் சிரித்துவிட்டார். பொட்டாசியம் எங்கே இருந்தாலும் அதில் ஒரு சிறு பங்கு இயற்கையாகவே கதிரியக்கம் உள்ளது. பொட்டாசியம்-40 என்று பெயர். நாம் போடும் மியூரியேட் ஆப் பொட்டாஷ் ஒரு கிலோவில் 15,000 பெக்கரலுக்கு மேல் இருக்கும். மனித உடம்பிலேயே ஏறக்குறைய 4,000 பெக்கரல் இருக்கிறது. மீட்டர் பொட்டாஷ் மூட்டையைப் பார்த்து அடித்திருக்கிறது. நான் ஊரைப் பார்த்து அடித்ததாக நினைத்துக்கொண்டேன்.

அந்த ஒரு வார நஷ்டத்தில் இரண்டு விஷயம் கற்றுக்கொண்டேன். ஒன்று, அளக்காமல் பயப்படுவதும் அரைகுறையாக அளப்பதும் நம்ம தலையில்தான் விடியும். இரண்டு, அளக்காமலே "ஒண்ணும் இல்லை, போங்க" என்று சொல்லும் அதிகாரிக்கும், அளக்காமலே "ஐயோ" என்று கத்திய எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பேர் கையிலும் கணக்கு கிடையாது.

நிலக்கரியில் எப்படி வந்தது?

பூமியில் உள்ள எல்லா மண்ணிலும், பாறையிலும் யுரேனியமும் தோரியமும் கொஞ்சம் இருக்கிறது. நிலக்கரி பூமிக்குள் இருந்து வருவதுதானே, அதிலும் இருக்கும். கரியாக இருக்கும்போது அது கொஞ்சம்தான். எரிக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது.

நம்ம வீட்டுச் சமையல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். புளித்தண்ணியைச் சுண்டக் காய்ச்சினால் தண்ணி போகும், புளிப்பும் உப்பும் சட்டியில் நிற்கும். கரியை எரித்தால் எரியக்கூடியது புகையாகப் போகும். யுரேனியம், தோரியம், அதன் வழியில் பிறக்கும் ரேடியம், இவற்றில் பெரும்பங்கு சாம்பலில் தங்கிவிடும். ஒடிசா தால்ச்சர் பக்கத்துக் கரி பாரதீப் துறைமுகத்தில் ஏறி எண்ணூருக்கு வருகிறது. நம்ம நாட்டுக் கரியில் 100 கிலோ எரித்தால் சுமார் 35, 40 கிலோ சாம்பல் மிஞ்சும். ஆகவே கரியில் இருந்ததைப் போல இரண்டரை, மூன்று மடங்கு சாம்பலில் சேரும். சாம்பல் குறைவான வெளிநாட்டுக் கரி என்றால் மிஞ்சுகிற சாம்பல் குறையும், ஆனால் அந்தக் கொஞ்ச சாம்பலில் சேர்மானம் இன்னும் கூடும்.

இது இன்று நேற்று கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகள் 1978லேயே, அனல்மின் நிலையப் புகைபோக்கி வழியாக வெளியேறும் கதிரியக்கத்தை அணுமின் நிலையத்தோடு ஒப்பிட்டு 'சயின்ஸ்' இதழில் எழுதிவிட்டார்கள்.

இப்போது நம்ம ஊர்க் கணக்குக்கு வாங்க. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970ல் தொடங்கி 2017 வரை ஓடியது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994ல் தொடங்கியது. முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200, 2024 மார்ச்சில் திறந்த மூன்றாம் நிலை 800. வல்லூர் 1,500. கூட்டினால் 4,130 மெகாவாட். இத்தனைக்கும் எரிக்கிற கரியின் சாம்பல் எங்கே போகும்? கொஞ்சம் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. மிச்சம் தண்ணியில் கரைத்துக் கூழாகக் குழாயில் சாம்பல் குளத்துக்குப் போகிறது. குழாய் உடைந்தால் கொசஸ்தலை ஆற்றுக்குப் போகிறது. இந்தச் சாம்பல் விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் வருஷக்கணக்கில் நடந்து, 2022ல் உத்தரவு வந்ததை எல்லோரும் அறிவீர்கள்.

எண்ணூர் கழியும் நம்ம பழவேற்காடு ஏரியும் பக்கிங்காம் கால்வாயால் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அங்கே விழுந்த சாம்பல் இங்கே வரைக்கும் வந்ததா, வரவில்லையா? வந்திருந்தால் சேற்றில் எவ்வளவு படிந்திருக்கிறது? வெயில் காலத்தில் காய்ந்த சாம்பல் எந்த வயலில் விழுகிறது? இதுக்கெல்லாம் யாராவது கணக்கு வைத்திருக்கிறார்களா? அதைத்தான் கேட்கிறோம்.

பெக்கரல் என்றால் என்ன?

பயந்து ஓடவேண்டிய சொல் இல்லை இது. ஒரு விநாடிக்கு ஒரு அணு உடைந்தால் ஒரு பெக்கரல், அவ்வளவுதான். கிலோவுக்கு 35 பெக்கரல் என்றால் அந்த ஒரு கிலோ மண்ணில் விநாடிக்கு 35 அணு உடைகிறது என்று பொருள்.

ஐ.நா. சபையின் அணுக்கதிர் பாதிப்பு அறிவியல் குழு, உலகத்து மண்ணின் நடுத்தரமான அளவு என்று கொடுத்துள்ள கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கிலோ மண்ணில் யுரேனியம்-238 சுமார் 35 பெக்கரல், தோரியம்-232 சுமார் 30, பொட்டாசியம்-40 சுமார் 400. இது உலகப் பொதுக் கணக்கு. ஊருக்கு ஊர் மாறும். களிமண்ணில் கூடும், வெறும் மணலில் குறையும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலேயே மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது, அங்கே இயற்கையாகவே அளவு பல மடங்கு கூடுதல்.

ஆகவே, நம்ம மண்ணில் 60 என்று வந்தால் அது அதிகமா? சாம்பலால் வந்ததா, பிறவியிலேயே இருந்ததா? பக்கத்தில் ஒப்பிட ஒரு அளவு இல்லாமல் இதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது. இந்த இடத்தை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். நம்ம கோரிக்கையின் உயிர்நாடியே இதுதான்.

"எல்லைக்குள் இருக்கு" என்றால் எந்த எல்லை?

ஒரு அலுவலகத்தில் நான் மனு கொடுக்கப் போனபோது, "சாம்பல்ல கதிரியக்கம் எல்லாம் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான் இருக்கு, போங்க" என்றார்கள். சரிங்க, எந்த எல்லை என்று கேட்டேன். பதில் இல்லை. நானே படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அடிக்கடி சொல்லப்படுகிற எல்லை, கிலோவுக்கு 370. ரேடியம் அளவை வைத்து, அதோடு தோரியத்தை 1.43 ஆல் பெருக்கிக் கூட்டி, பொட்டாசியத்தை 0.077 ஆல் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை 370க்குள் இருக்கவேண்டும். உலக நடுத்தர மண்ணுக்குப் போட்டுப் பார்த்தால், யுரேனிய அளவையே ரேடியத்துக்கும் வைத்துக்கொண்டு, 35ம் 42.9ம் 30.8ம் சேர்ந்து ஏறக்குறைய 109 வரும். ஆனால் இந்த 370 எதற்காக வைத்த அளவு தெரியுமா? வீடு கட்டும் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும்! சுவரில் இருந்து உடம்புக்கு வெளியே படும் கதிரை வைத்துப் போட்ட கணக்கு. நெல் வேர் உறிஞ்சுவதற்கோ, நண்டும் மட்டியும் சேற்றைத் தின்பதற்கோ, சேற்றில் இடுப்பளவு நிற்கும் பெண்களுக்கோ போட்ட கணக்கு இல்லை.

இன்னொரு எல்லை, சர்வதேச அணுசக்தி முகமை சொல்லும் கிலோவுக்கு 1,000 பெக்கரல். யுரேனிய, தோரிய வரிசைக்கு. அதற்குக் கீழே இருந்தால் பொதுவாக அணுசக்திக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்பதுதான் அதன் அர்த்தம். "இதை வயலில் கொட்டலாம்" என்று அது சொல்லவில்லை.

ஆகவே தோழர்களே, யாராவது "எல்லைக்குள்" என்று சொன்னால் கோபப்படாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பெக்கரல்? எதற்கான எல்லை? முன்னால் எவ்வளவு இருந்தது?

அணு உலைக்கு ஒரு நியாயம், கரி உலைக்கு ஒரு நியாயமா?

கல்பாக்கத்தில் முதல் உலை 1983ல் இயங்கத் தொடங்கியது. அது தொடங்குவதற்குப் பல வருஷம் முன்பே சுற்றுவட்டார மண், தண்ணி, மீன், பால் எல்லாம் எடுத்து அளக்க அங்கே ஆய்வுக்கூடம் வைத்துவிட்டார்கள். உலை வருவதற்கு முன் எவ்வளவு என்ற கணக்கு ஏட்டில் இருக்கிறது. அந்த அளவைப் பற்றி நமக்குச் சந்தேகம் இருக்கலாம், விவாதம் இருக்கலாம். ஆனால் விவாதிக்க ஒரு கணக்காவது இருக்கிறது. கரி உலைக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு அதுவும் இல்லை.

சாம்பலில் இருப்பது அணு உலைக் கழிவுக்குச் சமம் என்று நான் சொல்ல வரவில்லை. யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். நம் நாட்டுச் சாம்பலை அளந்த ஆய்வுகள் பலவற்றிலும் சாதாரண மண்ணைப் போல இரண்டு, மூன்று மடங்குதான் தெரிகிறது. ஆர்செனிக், பாதரசம், ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களால் வரும் கெடுதல் இதைவிட முந்திக்கொள்ளும் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அதனால்தான் அதையும் சேர்த்து அளக்கச் சொல்கிறோம். ஆனால் இரண்டு மடங்கு என்பது லாரி லாரியாக வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் குவிந்தால்? ரேடியம்-226 பாதியாகக் குறைய 1,600 வருஷம் ஆகும். நம்ம பேரன் பேத்தி காலத்திலும் அது அப்படியேதான் கிடக்கும். அதற்கு ஒரு கணக்கு வேண்டாமா?

அமெரிக்காவில் டென்னசி மாநிலம் கிங்ஸ்டனில் 2008 டிசம்பர் 22ந் தேதி சாம்பல் குளத்தின் கரை உடைந்தது. 40 லட்சம் கன மீட்டருக்கு மேல் சாம்பல் கூழ் ஆற்றில் பாய்ந்தது. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேரே போய்ச் சாம்பலை எடுத்து அளந்து, அடுத்த வருஷமே வெளியிட்டார்கள். ரேடியம்-226ம் 228ம் சேர்த்து கிராமுக்கு 8 பிகோகியூரி. நம்ம கணக்கில் கிலோவுக்கு ஏறக்குறைய 300 பெக்கரல். காய்ந்து தூளாகப் பறந்தால் மூச்சு வழியாகப் போகும் என்று எச்சரித்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

அரசாங்கமே கேட்ட கேள்வி

நாம் ஏதோ புதிதாகக் கேட்பதாக நினைக்கவேண்டாம். 2010க்குப் பிறகு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களுக்குக் கொடுத்த அனுமதிக் கடிதங்கள் பலவற்றில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பயன்படுத்தும் கரியில் உள்ள கதிரியக்கத்தையும் கன உலோகங்களையும் பெயர்பெற்ற நிறுவனம் மூலம் நீண்டகாலம் ஆய்வு செய்யவேண்டும், அதற்குப் பிறகு கரியிலும் சாம்பலிலும் தொடர்ந்து கண்காணிக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்பதுதான் அது.

நம்ம பக்கத்து நிலையங்களின் ஒவ்வொரு அனுமதிக் கடிதத்தையும் எடுத்துப் பார்க்கவேண்டும். அந்த நிபந்தனை இருந்தால், "ஆய்வறிக்கை எங்கே?" என்று கேட்கவேண்டும். பழைய நிலையத்துக் கடிதத்தில் இல்லையென்றால், "ஏன் இல்லை, இப்போது சேர்" என்று கேட்கவேண்டும். 2005 தகவல் உரிமைச் சட்டம் இதற்குத்தான் இருக்கிறது.

2021 டிசம்பர் 31ல் வந்த சாம்பல் அறிவிக்கையும், சாம்பலை விவசாயத்துக்குப் போடுவதென்றால் மண்ணைச் சோதித்து, கட்டுப்பாட்டோடுதான் போடவேண்டும் என்கிறது. நாம் விரும்பிப் போடும் சாம்பலுக்கே மண் சோதனை வேண்டும் என்றால், கேட்காமல் வந்து விழும் சாம்பலுக்கு வேண்டாமா?

பஞ்சாப் சொல்லும் பாடம்

2009ல் பஞ்சாப் பரீத்கோட்டில் உடல்நலம் குன்றிய குழந்தைகளின் தலைமுடியில் யுரேனியம் இருப்பதாக வெளிநாட்டு ஆய்வுக்கூடம் சொன்னது. பதிண்டா அனல்மின் நிலையச் சாம்பல்தான் காரணம் என்று எல்லோரும் விரல் நீட்டினார்கள். பிறகு தொடர்ந்து நடந்த ஆய்வுகள் பலவும் நிலத்தடி நீரைக் காட்டின. அங்கே பாறையிலும் மண்ணிலும் இயற்கையாக உள்ள யுரேனியம், பாசனத்தாலும் நீரின் தன்மையாலும் கரைந்து போர்த் தண்ணியில் ஏறியிருந்தது.

இதைக் கேட்டுவிட்டு "பார், சாம்பலுக்குச் சம்பந்தமே இல்லை" என்று ஒரு பக்கத்தார் சொல்வார்கள். நான் எடுத்துக்கொண்டது வேறு. ஒருத்தர் மேல் சந்தேகம் வந்து அளக்கப் போனதால்தான் உண்மையான ஆபத்து தண்ணியில் இருப்பது தெரிந்தது. அளக்காமல் இருந்திருந்தால் அந்தத் தண்ணியையே குடித்துக்கொண்டிருப்பார்கள். குடிநீரில் யுரேனியம் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 60 வரை என்கிறது. நம்ம ஊர்ப் போர்களில் எவ்வளவு? அதையும் இந்தச் சோதனையோடு சேர்க்கவேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாம் போடும் சூப்பர் பாஸ்பேட், டி.ஏ.பி. உரங்களிலும் பாஸ்பேட் பாறையில் இருந்து வந்த யுரேனியம் கொஞ்சம் இருக்கும். நாளைக்கு நம்ம மண்ணில் கூடுதலாக வந்தால், "அது உங்க உரம்" என்று சொல்லக்கூடும். அதற்குத்தான் ஒவ்வொருவரும் எந்த வயலில் எத்தனை மூட்டை என்ன உரம் போட்டோம் என்று நோட்டில் எழுதி வையுங்கள். உரம் போடாத கழிச் சேற்றிலும் அதே கூடுதல் வந்தால் உரத்தின் மேல் பழிபோட முடியாது. மீனவரும் விவசாயியும் சேர்ந்து நிற்கவேண்டிய இடம் அதுதான்.

எப்படி அளக்கவேண்டும்?

மண் மாதிரி எடுப்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே உள்ள சருகைத் தள்ளி, 'வி' மாதிரி அரை அடி ஆழம் வெட்டி, வயலில் பல இடத்தில் எடுத்து, கலந்து பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுகிறோம். அதே முறைதான். கூடுதலாகச் சில விஷயம் இருக்கிறது.

ஒன்று. அதே குழியில் இரண்டு, மூன்று அடி ஆழத்து மண்ணும் எடுக்கவேண்டும். சாம்பல் மேலே இருந்து வந்து விழுவது. மேல்மண்ணில் கூடுதலாகவும் அடிமண்ணில் குறைவாகவும் இருந்தால் மேலே ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். மேலும் கீழும் ஒரே மாதிரி இருந்தால் பிறவிக் குணமாக இருக்கலாம்.

இரண்டு. சாம்பல் போகாத தூரத்தில், அதே வகை மண் உள்ள வயலிலும் எடுக்கவேண்டும். நம்ம களியை அவர்கள் மணலோடு ஒப்பிடக்கூடாது, மணலைக் களியோடும் ஒப்பிடக்கூடாது. ஒப்பீட்டு வயலை நாமும் சேர்ந்து தேர்ந்தெடுக்கவேண்டும்.

மூன்று. மண் மட்டும் போதாது. சாம்பல் குளத்துச் சாம்பல், கழிச் சேறு, போர்த் தண்ணி, நெல், வைக்கோல், தர்பூசணி, இறால், நண்டு, மட்டி, மடவை எல்லாம் வேண்டும். மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை எடுக்கவேண்டும்.

நாலு. கையடக்க மீட்டர் போதாது. என் கதையைக் கேட்டீர்கள். அது 'இங்கே ஏதோ இருக்கு' என்று சொல்லும், என்ன இருக்கு என்று சொல்லாது. எந்தத் தனிமம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் காமா நிறமாலைமானி வேண்டும். மண்ணை உலர்த்தி, சலித்து, காற்றுப் போகாத டப்பாவில் மூடி ஏறக்குறைய நாலு வாரம் வைக்கவேண்டும். ரேடியத்தில் இருந்து பிறக்கும் ரேடான் வாயு தப்பிப் போகாமல் உள்ளேயே சமநிலைக்கு வந்தபிறகு பல மணிநேரம் வைத்து அளப்பார்கள். ஆகவே காலையில் மண் எடுத்துப்போய் சாயங்காலம் "எல்லாம் நல்லா இருக்கு" என்று யாராவது அறிக்கை கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஐந்து. ஒவ்வொரு மாதிரியையும் மூன்றாகப் பிரித்து நம்ம முன்னாலேயே அரக்கு முத்திரை வைக்கவேண்டும். ஒன்று அரசு ஆய்வுக்கூடத்துக்கு. இன்னொன்று என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு. மூன்றாவது ஊரில் பத்திரமாக இருக்கவேண்டும். இரண்டு கணக்கும் முரண்பட்டால் மூன்றாவதைப் பிரிக்கலாம்.

"இதனால நம்ம மீனு விலை போயிடாதா?"

போன கூட்டத்தில் ஒரு குப்பத்துப் பெரியவர் எழுந்து கேட்டார். "செயலாளரே, நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆனா கதிர்வீச்சுன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா எங்க எறாவ எவன் வாங்குவான்? பாட்டுக்குப் போற நாளே கொறஞ்சு போச்சு. இருக்குற பொழப்பையும் நீங்களே கெடுத்துடாதீங்க."

அன்றைக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் கேட்டது நியாயம். என் தர்பூசணிக் கதை அவருக்கும் தெரியும். வீட்டுக்குப் போய் இரவெல்லாம் யோசித்தேன். இன்றைக்குச் சொல்கிறேன்.

ஐயா, அந்த வார்த்தை ஏற்கெனவே வெளியே போய்விட்டது. சாம்பல் படிந்த ஆற்றுப் படம் பேப்பரில் வந்தாகிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழியில் எண்ணெய் பரவியபோது, எண்ணெய் படாத மீனைக்கூட வாங்க யோசித்தார்கள். சந்தேகத்துக்கு நம்ம கையில் மருந்து இல்லாததால்தான் விலை விழுகிறது. கணக்கு கையில் இருந்தால், "எங்க எறால்ல இவ்வளவுதான், இந்தா பேப்பர்" என்று வியாபாரி முகத்துக்கு நேரே நீட்டலாம். கணக்கு நல்லதாக வந்தால் அது நம்ம சரக்குக்குச் சான்றிதழ். கெட்டதாக வந்தால், நம்ம பிள்ளைகளுக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான். வாங்குகிறவனுக்குத் தெரியக்கூடாது என்று மறைத்துவிட்டு, அதே மீனை வீட்டில் குழம்பு வைத்துப் பிள்ளைக்குப் போடுகிறோமே, அதை யோசியுங்கள்.

ஆனால் ஒரு கட்டுப்பாடு நமக்கும் வேண்டும். முழு அறிக்கை வரும்வரை யாரும் கைமீட்டர் படத்தை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது. ஒரு ஊர்ப் பெயரைத் தனியாகப் போட்டு அவதூறு பரப்பக்கூடாது. இது சங்கத்தின் முடிவு. என் தப்பை இன்னொருவர் செய்யவேண்டாம்.

நமது கோரிக்கைகள்

1. சாம்பல் குளம், கொசஸ்தலை ஆறு, எண்ணூர் கழி, பக்கிங்காம் கால்வாய், பழவேற்காடு ஏரி வரையுள்ள வயல், சேறு, போர்த் தண்ணி, விளைபொருள், மீன் ஆகியவற்றில் கதிரியக்கத்தையும் கன உலோகங்களையும் அரசு செலவில் அளக்கவேண்டும். செலவைச் சாம்பல் கொட்டியவர்களிடம் வசூலிக்கவேண்டும்.

2. மாதிரி எடுக்கும் இடம், நாள், ஒப்பீட்டு வயல் எல்லாம் விவசாயிகள், மீனவர்கள் பிரதிநிதிகள் முன்னிலையில் முடிவு செய்யவேண்டும்.

3. முழுக் கணக்கையும் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கிராம சபையிலும் படிக்கவேண்டும். "எல்லைக்குள் உள்ளது" என்ற ஒற்றை வரி அறிக்கையை ஏற்கமாட்டோம்.

4. அனுமதிக் கடித நிபந்தனைப்படி கரியிலும் சாம்பலிலும் இதுவரை அளந்த கதிரியக்க அறிக்கைகளை வெளியிடவேண்டும். அளக்கவில்லை என்றால் அதை எழுத்தில் கொடுக்கவேண்டும்.

5. காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கமோ வேறு எந்தப் புதிய திட்டமோ எதுவானாலும், தொடங்குவதற்கு முன் உள்ள அளவை எடுத்து ஏட்டில் பதிந்த பிறகே பேச்சு.

6. காய்ந்த சாம்பல் பறக்காமல் நனைத்து மூடவேண்டும். உடைந்த குழாய்களை மாற்றவேண்டும். இதற்கு எந்த ஆய்வு முடிவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

நாம் செய்யவேண்டியது

வருகிற கிராம சபையில் ஒவ்வொரு ஊரிலும் இந்த ஆறு கோரிக்கைகளையும் தீர்மானமாக எழுதவைக்கவேண்டும். "அப்புறம் எழுதிக்கலாம்" என்றால் எழுந்து வரக்கூடாது. தீர்மான நகலைக் கையில் வாங்கவேண்டும். தீர்மானங்களைத் திரட்டிக்கொண்டு திருவள்ளூரில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் நேரில் கொடுப்போம். பதில் வராவிட்டால் பொன்னேரியில் சார் ஆட்சியர் அலுவலகம் முன்பு ஆளுக்கொரு பிடி மண்ணோடு போய் உட்காருவோம். வயல்காரர் வயல் மண், மீனவர் ஏரிச் சேறு. பையின் மேல் ஊர்ப் பெயரும் தேதியும் எழுதி மேசை மேல் வைத்து, "இதை அளந்து கொடுங்கள்" என்று கேட்போம். கத்தவும் வேண்டாம், கல்லெறியவும் வேண்டாம்.

நிலவரி கட்ட நம்ம நிலத்தைச் சங்கிலி போட்டுச் சென்ட் கணக்கில் அளக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அந்த மண்ணுக்குள்ளே என்ன விழுந்திருக்கிறது என்று அளக்கத் தெரியாதா? தெரியும். கேட்கிற ஆள் வேண்டும். கேட்போம்.

மண்ணை அளந்து காட்டு!
கணக்கைத் தமிழில் சொல்லு!
வயலும் ஏரியும் எங்கள் வீடு!
விவசாயி மீனவர் ஒற்றுமை ஓங்குக!